வாசல்ல சாய்வு போட அனுமதி கிடைச்சாச்சு

அன்புள்ள என் செல்ல மகளுக்கு,

அம்மா ஆசீர்வாதத்தோட எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமா இருப்பீங்கன்னு நம்பறேன். இங்கே நாங்களும் சுகம்னு எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை அந்த வரி எழுத கை வரமாட்டேங்குது. உடம்புக்கு ஒண்ணுமில்லை, பயந்துடாதே, மனசுதான் சரியில்லை. போன் இருக்கறப்போ இவ எதுக்குக் கடுதாசி எழுதறான்னு நீ நினைப்பே. அப்பா கட்டிலை முன்ரூம்ல ஜன்னலோரமா போட்டதிலிருந்து நான் எந்த மூலையில நின்னு பேசினாலும் அவர் காதுல விழுது, நம்ம வீடு என்ன அரண்மனையா. அதான் சமையல்மேடையில தாளை வெச்சு நின்னுக்கிட்டே எழுதறேன், எழுத்து கோணல்மாணலா இருந்தா டீச்சர் மாதிரி திருத்தாதே.

எல்லாம் நம்ம வாசல் படியால வந்த வினை. ஃபேன் துடைக்கறேன்னு ஸ்டூல் மேல ஏறி விழுந்து, முதுகெலும்பு அடிபட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்னிக்கு உங்கப்பாவை நாலு பேர் நாற்காலியோட தூக்கி உள்ளே வெச்சாங்களே, அதுக்கப்புறம் மனுஷன் வெளிக்காத்தே வாங்கலை. தூக்கிட்டுப் போறோம்னா, நான் என்ன அரிசி மூட்டையான்னு சீறறார். காலமெல்லாம் பஸ் ஓட்டின ஆளு, ஒரு நாளும் ஒரு இடத்துல உட்கார்ந்ததில்லை, இப்போ ஜன்னல் கம்பி வழியா போறவர்ற வண்டியைப் பார்த்து இவன் கியர் மாத்தத் தெரியாதவன், அவன் பிரேக் சரியில்லைன்னு குறை சொல்லிக்கிட்டே பொழுதை ஓட்டறார். தெருமுனை டீக்கடை பெஞ்சுல அவர் சேக்காளிங்க உட்கார்ந்திருக்கறது ஜன்னல்ல எட்டிப் பார்த்தா தெரியும், அதுதான் பெரிய கொடுமை. படியில ஒரு பக்கத்தை இடிச்சு சிமெண்டுல சாய்வா ஒரு பாதை போட்டுட்டா சக்கர நாற்காலியை நானே தள்ளிக்கிட்டுப் போயிடுவேன், ஒரு நாள் வேலைதான்னு கொத்தனாரும் சொல்லிட்டார். கொத்தனார் ஒத்துக்கிட்டா போதுமா, குடியிருப்போர் சங்கம் ஒத்துக்க வேணாமா? எல்லா வீட்டு முகப்பும் ஒரே மாதிரி இருக்கணும், படி, கேட்டு, பெயின்ட்டு எதையும் மாத்தக் கூடாதுன்னு சட்டமாம். போன வருஷம் பக்கத்து வீட்டு டீச்சர் வாசல்ல சிவப்புப் பூந்தொட்டி வெச்சதுக்கே நோட்டீஸ் ஒட்டினவங்க இவங்க.

சங்கத் தலைவர் நல்ல மாதிரி, போன்ல கேட்டதும் பாவம்மா, போட்டுக்கங்கன்னுட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே. செயலாளர் இருக்காரே, சட்டைப்பையில எப்பவும் அளக்கற டேப்போட திரிவார், அப்பாகூட இஞ்சு டேப்புன்னு பேர் வெச்சாரே, அவர்தான் முட்டுக்கட்டை. சாய்வு பொதுப் பாதைக்குள்ள ஒரு முழம் வருது, கார் திரும்ப இடைஞ்சல்னார். அப்போ பக்கவாட்டுல திருப்பிப் போடறேன்னேன், முகப்பு மாறுதுன்னார். பலகை ஒண்ணு செஞ்சு வேணுங்கறப்போ போட்டு எடுத்துக்கங்கன்னு யோசனை வேற. அதையும் செஞ்சு பார்த்தேன்டி. வெறும் நாற்காலியை வெச்சுத் தள்ளினதுக்கே பலகை வழுக்கி நாற்காலி போய் கேட்டுல முட்டுச்சு, நல்லவேளை உள்ளே மனுஷன் இல்லை. நான் தலையில கையை வெச்சுக்கிட்டு படியிலயே உட்கார்ந்துட்டேன்.

கடைசியில போன செவ்வாய்க்கிழமை செயலாளரும் கமிட்டிக்காரங்க ரெண்டு பேரும் நேர்ல வந்து பார்க்கறோம்னு வந்தாங்க. இவங்க பேச்சு அப்பா காதுல விழ வேணாமேன்னு ஜன்னலைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமா வெச்சுட்டுத்தான் வெளியே போனேன், அவரும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருந்தார். டீச்சரும் எனக்குத் துணையா வந்து நின்னாங்க. செயலாளர் குனிஞ்சு அளந்தார், நிமிர்ந்து அளந்தார், கமிட்டிக்காரங்க ஆளுக்கொரு தடவை இருமினாங்க. அப்புறம் கேட்டார் பாரு ஒரு கேள்வி. ஏம்மா, சார்தான் இன்னும் ரெண்டு மூணு மாசத்துல எழுந்து நடந்துடுவாரே, நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கீங்க, நடந்துட்டா இந்தச் சாய்வு எதுக்கு, நிரந்தரமா தேவைப்படற கேஸா இருந்தா நாங்களே அனுமதி கொடுத்துடுவோமே, கொஞ்ச நாளைக்காகப் படியை இடிக்கணுமான்னார்.

அவர் சொன்னது பொய்யா? நானேதானே அப்படிச் சொல்லிவெச்சேன். இனிமே நடக்க வாய்ப்பே இல்லைன்னு டாக்டர் என்கிட்ட நேர்லயும் உன்கிட்ட போன்லயும் சொன்னதும், அப்பாவுக்குத் தெரிய வேணாம், தாங்கமாட்டார்னு நாம ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணினோம். அக்கம்பக்கத்துல யாராவது துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து உளறிடப் போறாங்கன்னுதான் தெருவுக்கே அந்தப் பொய்யைச் சொன்னேன். அது சுத்திவந்து என் வாசல்லயே நிக்குது. கோபமா, ஆத்திரமா, எனக்கே தெரியலை. அவர் இனிமே நடக்கவே மாட்டார்யா, எழுந்து நிக்கவே மாட்டார், போதுமா, இதைத்தானே என் வாயால கேட்கணும்னு நின்னீங்கன்னு கத்திட்டேன். தெருவே திரும்பிப் பார்த்துது. இஞ்சு டேப்பு டேப்பைச் சுருட்டிப் பையில போட்டார். மன்னிச்சுக்கங்கம்மா, நீங்க வேலையை ஆரம்பிங்கன்னார், கமிட்டிக்காரங்களும் தலையை ஆட்டினாங்க. டீச்சர் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இத்தனை நாளா நாயா அலைஞ்சு கேட்ட அனுமதி ஒரு நிமிஷத்துல கிடைச்சுது.

உள்ளே வந்தா ரேடியோ பேசலை. கைநீட்டி அவரே அணைச்சிருக்கார், நான் யார்கூட சண்டை போடறேன்னு கேட்கணும்னு. சாத்தின ஜன்னலுக்கும் என் குரலுக்கும் என்ன சம்பந்தம், உங்கப்பா அடிக்கடி சொல்வாரே, உனக்கு மைக் எதுக்குன்னு. நுணலும் தன் வாயால் கெடும்கறது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். என்னத்தைச் சொல்ல. பக்கத்துல போய் நின்னேன். குடிக்கத் தண்ணி கொடுன்னார், குடிச்சார், சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார். மறுநாள் கொத்தனார் வந்து, ஐயா, சாய்வு இடப்பக்கமா வலப்பக்கமான்னு கேட்டப்போ போர்வையை இழுத்துத் தலையோட மூடிக்கிட்டார். இடப்பக்கம்னு நானே சொல்லி அனுப்பினேன். திங்கட்கிழமை படியை இடிக்க வர்றார். எப்படா வருவார்னு காத்திருந்த எனக்கு, இப்போ வராம இருந்தா தேவலைன்னு இருக்கு.

இதுவரைக்கும் எழுதினதைக்கூட தாங்கிக்கலாம்டி. நேத்து சாப்பிட உட்கார வெச்சப்போ அவரே வாயைத் திறந்தார். நீ ஏன் மறைச்சேன்னு திட்டுவார், திட்டட்டும், திட்டினாலாவது என் பாரம் இறங்கும்னு நினைச்சேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா. பொண்ணுக்கு இது தெரிய வேணாம்னார். அடுத்த லீவுக்கு வரும்போது நீங்கதான் வண்டி ஓட்டிக்கிட்டு ஏர்போர்ட்டுக்கு வரணும்னு வாரா வாரம் போன்ல சொல்றா, அத்தனை ஆசையா நம்பிக்கிட்டிருக்கா, தூரத்துல தனியா குழந்தையையும் வேலையையும் வெச்சுக்கிட்டுத் திண்டாடற பிள்ளை, அவ மனசு உடைஞ்சுடும், நான் பக்குவமா பேசிச் சமாளிச்சுக்கறேன், நீ உன் ஓட்டை வாயை மூடிக்கிட்டிருன்னார். அவளுக்கு உங்களுக்கு முன்னாலயே தெரியும்னு எந்த வாயால சொல்வேன், தெருவையே கூப்பிட்டுக் கத்தின அதே வாயாலயா? சரின்னு தலையாட்டிட்டு எழுந்து வந்துட்டேன்.

சாப்பிட்டப்புறம், ஆஸ்பத்திரியில பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் சொன்ன மாதிரி காலை நீட்டி மடக்கிவிடச் சொன்னார், போன்ல பொண்ணு கேட்டா தினமும் செய்யறேன்னு பொய் சொல்ல வேணாம் பாரு, அதுக்குத்தான்னார். அந்தக் காலைக் கையில பிடிச்சுக்கிட்டு நான் எப்படி அழாம இருந்தேன்னு எனக்கே தெரியலை. நாம அவருக்காக நடிக்கறோம், அவர் உனக்காக நடிக்கப் போறார், நடுவுல நான் ரெண்டு பக்கமும் தலையாட்டிக்கிட்டு. என்னால ஆகாதுடி. இந்த வீட்டுல மறைச்சுவெச்ச வரைக்கும் போதும். நான் சொன்னா அது இன்னொரு உளறலாத்தான் போகும், நீயே சொன்னாத்தான் சரி. டாக்டர் சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும்பா, சொல்ல தைரியம் வரலைன்னு சொல்லு. கோவிச்சுக்குவார், போனை வெச்சாலும் வெப்பார், மறுபடி கூப்பிடு. தன் கால் போச்சேன்னு அழக்கூட விடாம உன் சந்தோஷத்தை அவர் காவல் காத்துக்கிட்டிருக்கார், அதிலிருந்து அவரை முதல்ல இறக்கிவிடு.

நீ வேளைக்குச் சாப்பிடு, குட்டியை அதட்டாதே, மாப்பிள்ளைகிட்ட மறைக்காம எல்லாத்தையும் சொல்லு, அவரும் பக்கத்துல இருந்தா உனக்குத் தெம்பா இருக்கும். எங்க ஆயுசும் சேர்த்து நீங்க மூணு பேரும் நல்லா இருக்கணும். இதை இப்பவே போன்ல படம் பிடிச்சு உனக்கு அனுப்பிடறேன். ஞாயித்துக்கிழமை நீ கூப்பிடற நேரத்துக்கு நான் கடைக்குப் போயிடுவேன், வீட்டுல அவர் மட்டும் இருப்பார். அழுதாலும் பரவாயில்லைம்மா, நடந்துடுவீங்கப்பான்னு மட்டும் இன்னொரு தடவை சொல்லிடாதே.

இப்படிக்கு,
உன் ஓட்டைவாய் அம்மா