கெங்கம்மாளின் பங்கு

7 ஏப்ரல் 1968, ஞாயிறு
பட்டாபிராம் பள்ளிக்கூடத்தில் இன்று இலவச இருதய சிகிச்சை. மாதத்தின் முதல் ஞாயிறு டாக்டர் ஆனந்தன் சென்ட்ரலிலிருந்து ரயிலில் வருகிறார். சம்பளம் இல்லை. எனக்கும்தான். தத்துவத்தில் எம்.ஏ. — வேறு யார் கூப்பிடுகிறார்கள்? பெயர், வயது எழுதுகிறேன். கம்பெனியின் ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். அவர்களுக்கு வேறு ஆஸ்பத்திரி உண்டு.

நாகவல்லி, இருபத்தாறு, பருத்திப்பட்டு. சித்தாள். புருஷன் உத்தமன் கான்ட்ராக்ட் கூலி, கார்டு கிடையாது. "நாலு செங்கல் தூக்குனா மூச்சு நின்னுடுது சார்." இருதய வால்வு சுருங்கியிருக்கிறதாம். ஜூனில் டாக்டர் தன் ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை வாங்கித் தருவார். ஆபரேஷன். அதற்குள் நாடித் துடிப்பு இறங்க வேண்டும். தினம் ஒரு மாத்திரை.

21 ஏப்ரல்
நாகவல்லியை வரச் சொல்லி நானே எண்ணினேன்: நாடி 112.

5 மே
118. டாக்டர் கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறியாம்மா?" "சாப்புடறேன் சார்." டாக்டர் இரண்டு மாத்திரையாக்கினார். பிறகு என்னிடம் தனியாக: "இதுக்கு மேல போனா விஷம்."

12 மே
பருத்திப்பட்டு போனேன். நாகவல்லியின் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் புண்ணியத்துல நல்லா கீறேன் நைனா. வல்லி குடுக்குற மாத்திரைதான்."

நாகவல்லி தலையைக் குனிந்தாள். "ஆளுக்குப் பாதி சார். அதுக்கும் இதே மூச்சுதான். எதிர்ல வச்சிகினு நான் மட்டும் எப்டி முழுங்குறது?"

கெங்கம்மாளிடம் கேட்டேன்: "நீங்க ஏம்மா டாக்டர்கிட்ட வரல?"

"வந்தனே. புள்ளைக்குக் கார்டு கீதுன்னு நீதான தொரத்தினே."

வீட்டுக்கு வந்து மார்ச் ஏட்டைப் புரட்டினேன். கெங்கம்மாள், 58. மகனுக்குக் கார்டு உண்டு. என் கையெழுத்து, அழகாக. மகன் அவளைக் கார்டில் சேர்க்கவில்லை என்று இன்றுதான் சொன்னாள். மூன்று வருஷமாய்ப் பேச்சே இல்லை. அன்று நான் கேட்கவில்லை.

13 மே
சொன்னால் படுக்கை கைமாறும். கெங்கம்மாளுக்கு மாத்திரையும் நின்றுபோகும். சொல்லாவிட்டால் — வார்டில் நர்ஸ் இரண்டையும் நாகவல்லி வாயில் போடுவாள். அவள் உடம்பு ஒன்றுக்குத்தான் பழகியது; திடீரென்று இரண்டு விஷமாகலாம்.
எது கருணை, எது கோழைத்தனம்? இதைத்தானே வருஷக்கணக்கா படிச்சேன். ஒண்ணும் தெரியல.

19 மே
டாக்டருக்குக் கடிதம். கிழித்தேன்.

2 ஜூன்
சொல்லிவிட்டேன்.
டாக்டர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இந்த மாசப் படுக்கை வேற ஒருத்தருக்கு." புதுச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொண்டே, "அந்தப் பெரியம்மாவைக் கூட்டிட்டு வாங்க." கெங்கம்மாளுக்குத் தனிச் சீட்டு, தனி மாத்திரை.

வாசலில் உத்தமன். "படிச்சவன்னு நம்பிகினு கீறோம். உன்ன யாருய்யா வாயத் தொறக்கச் சொன்னது? அவளுக்கு ஒண்ணு ஆச்சு, அப்புறம் கீது."



7 ஜூலை
நாடி 84. நான் எழுதும்போது நாகவல்லி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகச் செய்தேனா? 84 என்பது பதிலா?

27 ஆகஸ்ட், செவ்வாய்
டாக்டரின் ஆஸ்பத்திரி. இன்று நாகவல்லிக்கு ஆபரேஷன். மாடி வராந்தாவில் ஒரே பெஞ்சு. அதில் உத்தமன். திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன்.

"ஒம்போது மணிக்கு உள்ள இட்டுகினு போனாங்க" என்றான், தரையைப் பார்த்தபடி. பிறகு நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டான்.