திங்கட்கிழமைப் பட்டியல்

அக்கா,

இன்று காலை என் மேசைக்கு ஒரு மஞ்சள் படிவம் வந்தது. ஸ்டோரில் ஒருவர் ஓய்வு பெறுகிறார், அவர் பெயரைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடச் சொல்லிப் பணியாளர் பிரிவு அனுப்பியிருந்தது. செனாவாங்கில் நம் தொழிற்சாலைக்கு இத்தனை வருஷத்தில் பெயிண்ட் மாறிவிட்டது, கேன்டீன் மாறிவிட்டது, முதலாளிகள்கூட மாறிவிட்டார்கள். இந்தப் படிவம் மட்டும் மாறவில்லை. அதே காகிதம், அதே நான்கு கட்டங்கள், அடியில் கணக்கை மூடியவர் கையெழுத்துக்கு அதே கோடு. பேனாவை எடுத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் படிவத்தில் அந்தக் கோட்டின் மேல் இருப்பதும் என் கையெழுத்துதான்.

உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. மாடியில் நான், கீழே ஸ்டோரில் நீங்கள். எழுத என்ன இருந்தது? நேரில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டதால்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ரெம்பாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் நம் இரண்டு வீடும் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்து இருந்தன. நான் கைக்குழந்தை. உங்களுக்குப் பதினாறு வயது, பால்மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தீர்கள். அப்பா சிங்கப்பூரில் வேலைக்குப் போயிருந்தார். அவர் கடிதமெல்லாம் எஸ்டேட் ஆபீசுக்குத்தான் வரும். கணக்கெழுதும் கிராணி அதை மேசை இழுப்பறையில் போட்டு வைத்துக்கொண்டு, மனசு வந்தபோது கொடுப்பாராம். அம்மாவுக்குப் போய்க் கேட்கப் பயம். அவருக்காக நீங்கள்தான் தினமும் பாலை நிறுத்துப் போட்டதும், ரப்பர் பால் காய்ந்த துணியோடு நேரே ஆபீஸ் சன்னலில் போய் நிற்பீர்களாம். "ஐயா, எங்க லயத்துக்கு லெட்டர் வந்துச்சா?"

ஒருநாள் கிராணி எரிந்து விழுந்திருக்கிறார். "என்னா, ஒம் புருசனா எழுதுறான், இந்தப் பறப்பு பறக்கிற?"

நீங்கள் அசரவில்லை. "எழுதுறவங்க எழுதிட்டாங்க. படிக்கிறவங்க காத்துக்கிட்டு இருக்காங்க. நடுவுல ஒங்க மேசைக்கு என்னாங்க வேலை?" என்றீர்களாம். இதை அம்மா எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் கடைசியில், "அவ வாயி இல்லேன்னா ஒங்கப்பா உயிரோட இருக்காரான்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்பார்.

எஸ்டேட்டை விற்ற பிறகு நீங்கள் செனாவாங்குக்கு வந்து தொழிற்சாலையில் சேர்ந்தீர்கள், லைனில் ஆரம்பித்து ஸ்டோர் கிளார்க் ஆனீர்கள். நான் படித்து முடித்துக் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்த அன்று, கேன்டீனில் எல்லார் முன்னாலும், "இது எங்க லயத்துப் பையன், நான் இடுப்புல தூக்கி வச்சிருந்தவன்" என்று பறைசாற்றிவிட்டீர்கள். டை கட்டிக்கொண்டு நின்ற எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு வாரம் எல்லாரும் என்னை 'இடுப்பு' என்றே கூப்பிட்டார்கள்.

மலர் விஷயம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நர்ஸ் வேலைக்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போன உங்கள் ஒரே மகள், அங்கேயே தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு மதம். உங்கள் வீட்டுக்காரர், அண்ணன், இனி வீட்டில் அவள் பேரைச் சொல்லக்கூடாது என்றுவிட்டார். வந்த கடிதங்களைக் கிழித்தார், போனுக்குப் பூட்டுப் போட்டார். தொழிற்சாலையிலோ சொந்தப் போனை ஆபரேட்டர் கீழே தரமாட்டார். கடைசியில் தாய்க்கும் மகளுக்கும் மிச்சமிருந்தது, ஸ்டோர் வேலைக்காகக் கம்பெனி உங்களுக்குக் கொடுத்திருந்த அந்த ஈமெயில் முகவரி ஒன்றுதான். அந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம்.

பத்து மணி டீக்கு எல்லாரும் ஓடும்போது நீங்கள் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழை வாய்க்குள் ஒவ்வொரு எழுத்தாக முனகிப் படிப்பீர்கள். பதில் அடிக்க ஒரே விரல். பிறகு மாடியேறி வந்து என் கண்ணாடிக் கதவைத் தட்டி, "அங்க இப்ப குளிராம்லா தம்பி. ரெண்டு சட்டை போட்டுக்கிட்டுத் தூங்குறாளாம்" என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். எனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும். சரிக்கா, சரிக்கா என்பேன்.

பிறகு அந்தக் கம்ப்யூட்டர் வைரஸ் வந்தது. யாரோ ஒருவர் வெளியிலிருந்து வந்த மெயிலைத் திறக்கப் போய், இரண்டு நாள் ஒரு பெட்டிகூட லாரியேறவில்லை. மேனேஜர் லிம் என்னைக் கூப்பிட்டு, சரக்கு வாங்குகிறவர்கள், அனுப்புகிறவர்கள் என்று பன்னிரண்டு பேருக்கு மட்டும் வெளி மெயிலை விட்டுவிட்டு மற்ற எல்லாருக்கும் அடைக்கச் சொன்னார். மற்றவர்களுக்கு வருவதும் அவர்கள் அனுப்புவதும் ஒரு தடுப்புப் பெட்டியில் போய் விழ வேண்டும். எந்த மெயில் மாட்டியது என்று அனுப்பியவருக்கும் சொல்லக்கூடாது, பெறுகிறவருக்கும் சொல்லக்கூடாது. சொன்னால் ஆளாளுக்கு வந்து வாசலில் நிற்பார்கள் என்றார். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

அதோடு விட்டேனா? நான்தான் பெரிய மூளைக்காரன் ஆயிற்றே. யாராவது கெஞ்சிக் கூத்தாடி நடுவில் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஆறு மணிக்கு, மேனேஜர் கையெழுத்துப் போட்ட பட்டியலைக் கம்ப்யூட்டர் தானாகவே எடுத்து, பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியும்படி செய்தேன். லிம் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

இனி வெளி மெயில் கிடையாது என்று பொது அறிவிப்பு ஒட்டிய பத்தாவது நாள் நீங்கள் வந்தீர்கள். கதவைத் தட்டவில்லை, திறந்து உள்ளே வந்து நின்றீர்கள்.

"மலரு மாசமா இருக்கா தம்பி. நாலு மாசம். எனக்கு மட்டும் ஏதாச்சும் பண்ண முடியுமா?"

"அக்கா, பட்டியல் மேனேஜர் கையில இருக்கு."

"பட்டியல அடிக்கிறது நீதானே?"

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். "கிராணி மேசையில போயி உக்காந்துட்டடா நீயும்" என்றீர்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

அன்று புதன்கிழமை. மத்தியானம் யாரும் இல்லாதபோது பட்டியலைத் திறந்து பதின்மூன்றாவதாக உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டு ஸ்டோருக்கு வந்து சொன்னேன். உங்களுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. உடனே கவலையும் வந்தது.

"ஒனக்கு ஏதும் வந்துடாதே?"

"வராதுக்கா."

"இனிமே இதப் பத்தி நம்ம ரெண்டு பேரும் மூச்சு விடக்கூடாது. நான் கேக்கவும் மாட்டேன். யாரு காதுலயாவது உளுந்தா ஒன் வேலை போயிடும்லா."

மறுநாள் பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தலையை மட்டும் உள்ளே நீட்டி, "வந்துச்சு" என்றீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லாத் திட்டி எழுதிட்டேன். பெத்த அப்பன், கோவம் இருக்கத்தான் செய்யும், நீதான் மொதல்ல பேசணும்னு எழுதிட்டேன்" என்றீர்கள். நல்லதுக்கா என்றேன். கதவு திறந்தாயிற்று, மெயிலும் வந்தாயிற்று, என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

நான்கு நாள் கழித்துத் திங்கட்கிழமை வந்தது. காலை ஆறு மணிக்கு நான் தூங்கிக்கொண்டிருந்தேன். நான் செய்து வைத்த ஏற்பாடு தூங்கவில்லை. கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு பெயரை எடுத்தது, பதின்மூன்றாவதை அழித்தது. நானே வைத்த பொறி எனக்கே மறந்துபோயிருந்தது, அக்கா. சத்தியமாக மறந்துபோயிருந்தது.

அதன் பிறகு ஆறு மாதம். நீங்கள் சொன்ன சொல் தவறவில்லை. தினமும் பத்து மணிக்கு என் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து, ஒரு நிமிஷம் நின்று, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவீர்கள். நன்றிக்காகச் சிரிக்கிறீர்கள் என்று நினைத்து நானும் தலையாட்டுவேன். உங்கள் கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்தேன். சர்க்கரையாக இருக்கும் என்று நினைத்தேன். வாசல் பக்கத்துப் பொதுத் தொலைபேசியில் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பதையும் இரண்டு தடவை பார்த்தேன். ஒருநாள் கேன்டீனில் எதிரே உட்கார்ந்து, மீ நூடுல்ஸை முள்கரண்டியால் சுற்றிக்கொண்டே, "பிள்ளைங்களுக்கும் ரோசம் இருக்கும்லா தம்பி. நம்மதான் வாயை அடக்கியிருக்கணும்" என்றீர்கள். யாரைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது, குடித்துவிட்டு எழுந்து போனேன்.

பிறகு டெங்கிக் காய்ச்சல். சிரம்பான் ஆஸ்பத்திரியில் மூன்றே நாள். பார்க்க வரலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே ரஹாங்கிலிருந்து உங்கள் தங்கச்சி போன் செய்துவிட்டார். மலரின் பழைய நம்பர் வேலை செய்யவில்லை, அவளுக்கு எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை என்று அழுதார். உங்கள் வீட்டுக்கு நான் போனபோது அண்ணன் மூலையில் உட்கார்ந்திருந்தார்.

பதினாறாம் நாள் படையல் முடிந்த வாரம் உங்கள் மஞ்சள் படிவம் வந்தது. ரகசியமாகச் சேர்த்த பெயரை முதலில் எடுத்துவிடலாம் என்று பட்டியலைத் திறந்தேன். பன்னிரண்டு பெயர்தான் இருந்தது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தேன். பிறகுதான் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது.

தடுப்புப் பெட்டியைத் திறந்தேன். ஆறு மாதமாக யாரும் தொடாத பெட்டி. உங்கள் பெயரைப் போட்டுத் தேடியதும் வரிசையாக வந்து நின்றன. மலர் உங்களுக்கு எழுதியவை பதினொன்று. நீங்கள் மலருக்கு எழுதியவை பதினான்கு. நீங்கள் இரண்டு பேரும் ஆறு மாதமாக ஒரே பெட்டிக்குள் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். எதையும் நான் திறந்து படிக்கவில்லை. தலைப்புகள் கண்ணில் பட்டன, அவற்றை மறைக்க முடியவில்லை. மலர்: 'அப்பாகிட்ட நானே பேசுறேன்மா'. நீங்கள்: 'கோவமா'. மலர்: 'வீடு மாறிட்டோம் புது நம்பர்'. நீங்கள்: 'அம்மா சொன்னது தப்புதான்'. மலர்: 'ஏம்மா எழுத மாட்டேங்கற'. நீங்கள்: 'சாப்ட்டியா'. மலர்: 'பையன் பொறந்திருக்கான்'. அதற்கு இரண்டு நாள் கழித்து, உங்களுக்குக் காய்ச்சல் கண்ட அன்று, நீங்கள்: 'இனிமே திட்ட மாட்டேன்'.

முடியாது என்று அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் நீங்கள் வேறு வழி தேடியிருப்பீர்கள். எஸ்டேட் ஆபீஸ் சன்னலையே அசைத்தவர் நீங்கள். யாரையாவது பிடித்து, எங்கேயாவது போய், அந்தப் பெண்ணிடம் பேசியிருப்பீர்கள். திறந்துவிட்டேன் என்று நான் சொன்னேன். அதை நம்பித்தான் மகள் உங்களை வெறுத்துவிட்டாள் என்றும் நம்பினீர்கள். பேரன் பிறந்தது தெரியாமலே போய்விட்டீர்கள். அடைத்தது பாவம் என்றால், திறந்துவிட்டதாகச் சொன்னது அதைவிடப் பெரிய பாவம்.

அன்று மலருக்கு நான் எழுதினேன். 'உங்கள் அம்மா இறந்துவிட்டார். அவர் எழுதுவதை நிறுத்தவே இல்லை. நீங்கள் எழுதியதும் அவருக்கு வரவில்லை. நிறுத்தியது நான்.' அதை அனுப்பிவிட்டு, தடுப்புப் பெட்டியிலிருந்த உங்கள் பதினான்கையும் அவளுக்கு விடுவித்தேன். அவளுடைய பதினொன்றையும் உங்களுக்கு விடுவித்தேன். அவை உங்கள் பெட்டியில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன, படிக்காதவை பதினொன்று என்று காட்டியது. படிவத்தில் அன்றே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். போட மூன்று நாள் ஆனது. லிம் சத்தம் போட்டார். போடட்டும் என்று இருந்தேன்.

மலரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. புது நம்பர் அந்த மெயிலுக்குள் இருந்தது. திறந்து போன் செய்திருக்கலாம். அவள் குரலைக் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லாமல் போனது. நான் எழுதியது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா, முகவரி மாறிவிட்டதா, படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாளா, தெரியவில்லை. நீங்கள் ஆறு மாதம் எப்படி இருந்திருப்பீர்கள் என்பது அதில் கொஞ்சம் புரிந்தது.

அந்தத் திங்கட்கிழமை ஏற்பாட்டை மறு வாரமே எடுத்துவிட்டேன். ஆனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாருக்காவது எதையாவது திறந்துவிட்டால், சரிசெய்து கொடுத்தால், மறுநாளும் அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் இறங்கிப் போய்க் கேட்கிறேன். இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 'வந்துச்சா அங்கிள்' என்று எனக்குப் பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

என் அம்மாவுக்காகத் தினமும் போய்க் கேட்டவர் நீங்கள். உங்களுக்காக நீங்கள் ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை, அதுவும் என் வேலை போய்விடக் கூடாதே என்று. நான் கேட்டிருக்க வேண்டும். ஆறு மாதம், தினமும் பத்து மணிக்கு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றீர்கள். எழுந்து கதவைத் திறந்து இரண்டே வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

மெயில் வந்துச்சாக்கா?