வலையில் கட்டிய டான்டலம்

நைனா,

இன்று காலை பட்டறை வாசலில் ரெட் ஆக்சைடு வாசனை. கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஒருவர் வந்திருந்தார். தின்னர் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும், நீ வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் வீசுகிற சாயங்காலங்கள் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டன. கேட்டைப் பார்த்தேன். பொருக்குப் பொருக்காகத் துரு. அதைச் சுரண்டாமலே அவர் மேலே பூசிக்கொண்டிருந்தார். நீயாக இருந்தால் புதுப்பட்டினம் முழுக்கக் கேட்கும்படி கத்தியிருப்பாய். நான் உள்ளே போய்விட்டேன்.

"உப்புக்காத்து கீற வரிக்கும் துரு கீது. துரு கீற வரிக்கும் நம்ம வூட்ல சோறு கீது" என்பாய். கிரில், கேட், விளக்குக் கம்பம் என்று கம்பி பிரஷ்ஷோடு இந்தக் கடற்கரை முழுக்கச் சுரண்டித் தேய்த்தவன் நீ. துருவை நீ திட்டியதே இல்லை. பங்காளியைப் போலப் பேசுவாய்.

நான் பத்தாவதோடு நின்றதற்கும் நீ திட்டவில்லை. வகுப்பில் எழுந்து நின்று படி என்றால் எனக்குக் குரலே வராது. இந்தப் பட்டறையில் அந்தத் தொல்லை கிடையாது. அமிலம் கொதிக்கும் தொட்டிகளுக்கு உள்ளே உலோகத் தகடு பொருத்தித் தருகிறவர்கள் இவர்கள். எந்தத் தகடு தாங்கும் என்று பார்ப்பதற்குச் சின்னத் துண்டுகளை எடை போட்டு, அமிலத்தில் தொங்கவிட்டு, எடுத்துக் கழுவி, மறுபடி எடை போட வேண்டும். எடை குறைந்தால் அந்த அளவு அமிலம் தின்றுவிட்டது என்று பொருள். அதை நோட்டில் எழுதுவது என் வேலை. தராசு என்னிடம் கேள்வி கேட்பதில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது டான்டலம் என்ற உலோகத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் டங்ஸ்டன் சேர்த்தது, அமிலமும் அரிக்காது, உப்பும் அரிக்காது, எலும்பு முறிந்தால் டாக்டர்கள் உடம்புக்குள்ளேயே வைக்கிறார்கள் என்று. நீ கையை உதறினாய்.

"துரு புடிக்காத உலோகமா? யாருகிட்ட காது குத்துற?"

"நிஜமா நைனா. காத்து பட்டதும் அது மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் வந்துடும். கீறுனாலும் தோல் திரும்ப வந்துடும்."

"அப்போ அது தனக்குத் தானே பெயிண்ட் அடிச்சுக்குதா?" நீ சிரித்ததில் உனக்குப் புரையேறியது. "எல்லாரும் அத்தையே வாங்கிட்டா என் பொழப்பு இன்னா ஆவறது?"

"நல்லா சூடு ஏறி காத்தும் பட்டா வீணாப் போயிடும்."

"பார்த்தியா, அதுக்கும் ஒரு வீக்கு கீது!" அந்த ஒரு குறையில் உனக்கு அவ்வளவு திருப்தி.

உன்னை நம்பவைக்க வேண்டும் என்ற ஆசைதான் என்னைக் கெடுத்தது. பட்டறையில் இந்தச் சோதனைகளை நடத்தும் எங்கள் மேடம் மூன்று வாரம் வெளியூர் வேலைக்குப் போனார். எடை போட்டுக் காகித உறையில் வைத்திருந்த ஒரு டான்டலம் துண்டை, தான் வந்ததும் அமிலத்தில் போடலாம் என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சனிக்கிழமையே அதை டிபன் பாக்ஸில் வைத்துக் கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலையில் காட்டலாம் என்று படுத்தேன்.

எழுந்தபோது டிபன் பாக்ஸ் திறந்து கிடந்தது. நீயும் இல்லை, உன் வீச்சு வலையும் இல்லை.

மதியம் மடவை மீனோடு வந்தாய். கூட உன் பெயிண்டர் நண்பர். வலையின் ஓரத்தைத் தூக்கி அவருக்குக் காட்டினாய். ஈயக் குண்டுகளுக்கு நடுவில், நைலான் கயிற்றில், என் டான்டலம்.

"பாரு மச்சான். வலையில ஈயம் அறுந்து போச்சுன்னு ஒரே ஒரு தபா சொன்னேன். வாயே தொறக்காது, ஆனா பொண்ணு பட்டறையிலேர்ந்து கேட்டு வாங்கியாந்து வெச்சுகீது. ஓட்டையோட! இன்னா கனம் பாரு!"

ஈயம் போலச் சாம்பல் நிறம். ஈயத்தை விடக் கனம். அமிலத்தில் தொங்கவிடுவதற்காகப் போட்ட ஓட்டை. இந்த ஊரில் வேறு யாராக இருந்தாலும் வலையில்தான் கட்டியிருப்பார்கள். உன் முகத்தில் அவ்வளவு பெருமை, அதைக் கெடுக்க மனசு வரவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் என் வேலை உன்னோடு சதுரங்கப்பட்டினம் உப்பங்கழியில் விழுந்து விழுந்து எழுந்தது. இடையில் ஈர உப்போடு கொல்லையில் தொங்கியது.

மேடம் வருவதற்கு முந்தின நாள் அழுகையோடு சொன்னேன். அது அறுந்து போயிருந்தால் என் வேலையும் போயிருக்கும். நீ வாயைப் பிளந்தாய். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஏம்மே, மூணு வாரமா மனசுல வெச்சுகினு இருந்தியா? சொன்னா இன்னா ஆயிடும்? நானு கடிச்சா துன்னுடுவேன்?"

கயிற்றை அறுத்தாய். பக்கத்து ஈயங்கள் வெள்ளை பூத்துக் கிடந்தன. அதன் மேல் மட்டும் ஒன்றுமில்லை, சேறுதான். பழக்க தோஷத்தில் நீ கம்பி பிரஷ்ஷை எடுத்தாய்.

"தேய்க்காத நைனா!"

கொல்லைச் சுவரில் இருந்த காக்கை பறந்தது. அது என் குரல் என்று எனக்கே தெரிய ஒரு நொடி ஆனது. நீ பிரஷ்ஷைக் கீழே வைத்து, "அட! உள்ள இவ்ளோ சவுண்டு கீதா!" என்றாய்.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், திக்கித் திக்கி. அவர் துண்டைக் கழுவினார், ஸ்பிரிட்டில் துடைத்தார், தராசில் வைத்துக் கண்ணாடிக் கதவை மூடினார். கடைசிப் புள்ளி வரை அதே எடை.

"இனிமே கேக்காம எதையும் எடுத்துட்டுப் போகாத" என்றார். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினார். "எழுது. கழித் தண்ணி, மூணு வாரம், மாற்றம் இல்ல. சோதனை செஞ்சவர் பேரு என்ன?"

உன் பெயரை எழுதினேன்.

அன்று முதல் டீக்கடையில் உன் அட்டகாசம் தாங்கவில்லை. "நானும் சயின்டிஸ்ட்டுதாம்ப்பா" என்று ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

போன மழைக்காலத்தில் உன் நெஞ்சு ஒரு நாள் கூட அவகாசம் கொடுக்காமல் நின்றுவிட்டது. அந்த நோட்டு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. உன் கம்பி பிரஷ்ஷும் என் மேசை டிராயரில் இருக்கிறது. தராசுப் பக்கம் அது வரவே கூடாத பொருள். மேடத்துக்குத் தெரியும், கேட்பதில்லை.

இன்று அந்தப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்குப் போனேன்.

"அண்ணே, துருவச் சுரண்டாம பூசாதீங்க. அடுத்த மழைக்கே உப்பிக்கினு வந்துடும்."

அவர் திரும்பினார். "இன்னா பாப்பா, நீ இன்னா மேஸ்திரியா?"

"எங்க நைனா பெயிண்டரு."

"கம்பி பிரஷ் எடுத்தாரலியே."

"எங்கிட்ட கீது."

ஒரு பக்கம் நானே தேய்த்தேன், இரும்பு பளிச்சென்று தெரியும் வரை. உள்ளே வந்து கையை இரண்டு தரம் கழுவினேன். துருத்தூள் பட்டால் தராசு பொய் சொல்லும்.

பிரஷ்ஷை மட்டும் கழுவவில்லை, நைனா. உன் துருவோடு என் துருவும் சேர்ந்து அப்படியே இருக்கிறது.