மணியடித்துக் காத்திருக்கவும்

இஞ்சாருங்கோ, என்ரை மாஸ்டர்,

உங்களுடைய மூன்றாவது திவசம் நேற்று முடிந்தது. நல்ல பீங்கானில் படைத்தேன். பிறகு நானே இருந்து சாப்பிட்டேன். நிரோஜா வீட்டில் இல்லை. அது ஏன் என்று நான் சொல்லாவிட்டால் உங்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

நீங்கள் கண்மூடிய வருடம் எங்கள் மகள் ஞாயிறு பின்னேரங்களில் சிநேகிதரைக் கூட்டிவரத் தொடங்கினாள். மருந்துக்கடையில் நிற்கும் ரொசாலியா, வுச்சீரியாச் சந்தையில் மீன் விற்கும் பெப்பே. முப்பது வயது கடந்தவர்கள், எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்து பகடை உருட்டினார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது சரிவருமா என்று பகடை தீர்மானிக்கும். கதையை நடத்துபவரை இத்தாலியர் மாஸ்டர் என்கிறார்கள். அது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் நாளே பெப்பே கேட்டான்: “இண்டைக்கு மாஸ்டர் ஆர்?”

நான் குசினியில் நின்று, கையைத் துடைத்துக்கொண்டே, என்னுடைய இத்தாலியனில் சொன்னேன்: “மாஸ்டர் செத்துப் போனார்.”

“விளையாட்டு இன்னும் தொடங்கவேயில்லை, சிஞ்ஞோரா!” என்றான் அவன்.

நிரோஜா சிரித்துவிட்டாள். உங்கள் செத்தவீட்டுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். அதனால் நான் கோபிக்கவில்லை. ஊரில் நீங்கள் கணக்குப் படிப்பித்த மாஸ்டர் என்று அவள்தான் அவர்களுக்கு விளங்கப்படுத்தினாள்.

அவர்களுடைய கதை எல்லாம் கோட்டை, வாள், டிராகன். பலெர்மோவில் பிறந்தவர்களுக்குக் கோட்டை ஒரு புதினமா? ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

“பெப்பே, அந்தக் கோட்டையை ஆர் கூட்டித் துடைக்கிறது?”

“அங்கை தூசி இல்லை, சிஞ்ஞோரா. மந்திரம்.”

“அப்ப மந்திரக்காரிக்கு எப்ப லீவு?”

பெப்பே பகடையைக் குலுக்கத் தொடங்கினான். ஆனால் நிரோஜா அதைப் பிடித்துக்கொண்டாள். கோட்டை வேண்டாம், வேறு உலகம் வேண்டும் என்றாள். ரொசாலியா விண்வெளிக் கப்பல் என்றாள். பெப்பே கடற்கொள்ளையர் என்றான். “அங்கையும் போய் ஆரையோ வெட்டுறதுதானே,” என்று சொல்லிவிட்டு, நிரோஜா உங்கள் மேசை லாச்சியைத் திறந்தாள்.

நாங்கள் துப்புரவு வேலைக்குப் போன பொலிதேயாமாப் பக்கத்து வீட்டுக்காரர்கள் உங்களை நம்பித் தந்த சாவிகள் நினைவிருக்கிறதா? தொலைந்தால் கள்ளன் வாசிக்கக்கூடாது என்று, ஒவ்வொன்றிலும் தமிழில் எழுதித் துண்டு கட்டினீர்களே. நீங்கள் போனதும் ஆட்கள் வந்து சாவிகளை வாங்கிப் போனார்கள். துண்டுகளை நான் வெட்டி அந்த லாச்சியில் வைத்துக்கொண்டேன். அவற்றை நிரோஜா எழுத்துக் கூட்டி வாசித்தாள். “இரண்டாம் மாடி. நாய் கடிக்காது. பிள்ளை கடிக்கும்.” “ஐந்தாம் மாடி. பியானோவைத் தொடக்கூடாது.” “நாலாம் மாடி. மணியடித்துக் காத்திருக்கவும். மெல்ல வருவா.”

அதுதான் அவர்களுடைய புதிய உலகம். இன்றைய பலெர்மோ, ஒரே ஒரு கட்டடம். விளையாடுபவர்கள் எல்லாரும் அடுத்தவன் வீட்டுச் சாவி வைத்திருப்பவர்கள்.

“வாள் இல்லாட்டி என்னெண்டு சண்டை பிடிக்கிறது?” என்றான் பெப்பே.

“ஐஞ்சாம் மாடியிலை லீவு கேட்டுப் பார். அப்ப தெரியும்,” என்றாள் உங்கள் மகள்.

இரண்டு வருடம் விளையாடினார்கள். பெப்பே மூன்று ஞாயிறு லிப்டுக்குள் மாட்டுப்பட்டுக் கிடந்தான். டிராகனிடம் அவன் அவ்வளவு பயப்பட்டதில்லை. மாஸ்டராக இருந்தது நிரோஜா. எங்கே அவசரப்படக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த நிதானம் உங்களுடையது. நான் குசினிக் கதவடியில் கதிரை போட்டு, பேப்பர் வாசிப்பது போல இருப்பேன்.

பிறகு அவளுக்கு ஜேர்மனியில் வேலை கிடைத்தது. எனக்கு நேரே சொல்லவில்லை. எனக்குக் கேட்கும்படி ரொசாலியாவுக்குச் சொன்னாள். அடுத்த நாள், “நீங்களும் வாங்கோவன், அம்மா,” என்றாள். சப்பாத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். அப்படிக் கூப்பிட்டால் நான் போவேனா?

அவள் போவதற்கு முந்திய ஞாயிறு என்னை மேசைக்குக் கூப்பிட்டார்கள். “நாலாம் மாடி ஆளில்லாமல் கிடக்கு. நீங்கள் அந்த அம்மாவா இருங்கோ,” என்றாள் நிரோஜா. அந்த மனுசியை உங்களுக்குத் தெரியும். மூன்று பிள்ளைகளும் வடக்கே போய்விட்டார்கள். ஒவ்வொரு மார்கழியிலும் நத்தாருக்கு வருவார்கள் என்று ஆறு பேருக்கு மேசை போடச் சொல்லுவா. மூன்று நத்தாருக்கு, ஒருவரும் தொடாத அந்தப் பீங்கான்களை நான்தான் திருப்பி அடுக்கினேன்.

நிரோஜா கதையைச் சொன்னாள். “வேலைக்கு வாற பிள்ளைக்கு இண்டைக்குக் கடைசி நாள். ஊரை விட்டுப் போறா. சாவியை நீட்டுறா. அம்மா, நீங்கள் என்ன செய்யிறியள்?”

நான் பகடையை எடுக்கப் போனேன். அவள் என் கையின் மேல் கையை வைத்தாள்.

“இதுக்குப் பகடை இல்லை. நீங்கள் சொல்லுறதுதான் நடக்கும்.”

“வாங்காதேங்கோ, சிஞ்ஞோரா,” என்று பெப்பே குசுகுசுத்தான்.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். ஊரில் படிப்பித்த கன்னியாஸ்திரிமார் எனக்கு முதுகை, நாரியை நிமிர்த்தி இருக்கப் பழக்கினார்கள். குரல் நடுங்காமல் பேசப் பழக்கினார்கள். வேண்டும் என்று கேட்பதற்கு மட்டும் பழக்கவில்லை.

“வாங்கிறன்,” என்றேன். “வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திறன்.”

“சரி, அம்மா,” என்று அவள் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

நான் நினைத்தது அதற்கு நேர்மாறு என்று உங்களுக்கென்றால் விளங்கியிருக்கும். அவளுக்கு ஏன் விளங்கவில்லை? அல்லது விளங்கியும் எழுதினாளா?

வியாழக்கிழமை போனாள். கீழே டாக்ஸி மறையுமட்டும் பல்கனியில் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். மேசையில் அவளுடைய வீட்டுச் சாவி கிடந்தது. விளையாட்டில் நான் வாங்கியதால், உண்மையாகவே திருப்பித் தந்துவிட்டுப் போயிருக்கிறாள். அதில் நூலால் கட்டி, எங்கள் விலாசத்தோடு ஒரு துண்டு. உங்களைப் பார்த்துப் பழகிய எழுத்து:

“ஒரேத்தோ. மூன்றாம் மாடி. மனியடித்துக் காத்திருக்கவும். மெல்ல வருவா.”

மூன்று சுழி ண வரவேண்டிய இடத்தில் இரண்டு சுழி. என் கை தானாகச் சிவப்புப் பென்சிலைத் தேடியது. எடுத்து, கூரும் சீவினேன். பிறகு வைத்துவிட்டேன்.

பெப்பே ஒரு தரம் மீன் கொண்டுவந்து தந்தான். ரொசாலியா கைக்குழந்தையோடு மிலானோவுக்குப் போகிறாளாம். மேசையில் பகடை உருண்ட தழும்புகள் இருக்கின்றன. நத்தாருக்கு வருவேன் என்று நிரோஜா போனில் சொல்கிறாள். நான் ஓம் என்கிறேன். வருவாள் என்று நான் நம்பவில்லை. உங்களுக்குப் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். அந்த எழுத்தைத் திருத்த மாட்டேன். சாவி வாசலடியில் அவளுடைய ஆணியில்தான் தொங்கும். அவள் அடிக்கும் மணி என்றைக்காவது கேட்டால், இந்த முழங்கால் எந்தக் கோலத்தில் இருந்தாலும் சரி, அன்றைக்கு மட்டும் நான் மெல்ல வரமாட்டேன்.

மாஸ்டரின் மனைவி,
நிரோஜாவின் அம்மா