ஈயக்கம்பி அறுந்திருந்தால்

மழை தவறாத மருங்கூர் நாட்டை ஆளும் அரசி செங்கமலவல்லி, துறைமுகங்கள் ஏழுக்கும் உரியவரும் எம் சம்பந்தியுமாகிய வெண்குன்ற நாட்டு மன்னர் கீர்த்திவளவருக்கு விடுக்கும் திருமுகம். தங்கள் குடியும் கொற்றமும் நிலைப்பதாக. நலமா என்று கேட்க எமக்கு வாய் வரவில்லை. தங்கள் மகளும் எம் மருமகளுமான அருங்குழலியை மணப்பந்தலிலேயே தீக்குக் கொடுத்துவிட்டு இரு நாட்டாரும் அழுதுகொண்டிருக்கிறோம்.

எம் மின்னறை அதிகாரி கொற்றனின் தலை வேண்டும் என்று தங்கள் தூதர் கேட்டார். பந்தலுக்கு மின்சாரம் தந்தவன் அவன், ஆகவே கொன்றவனும் அவனே என்பது தங்கள் வழக்கு. மன்னரே, கோபத்தைச் சற்றுத் தள்ளிவைத்து, நடந்ததைக் கேட்டருள்க.

மின்கலத்தில் புறப்படும் மின்னோட்டம் செம்புக் கம்பி வழியே சென்று, விளக்கை எரித்துவிட்டு, மறுபடியும் மின்கலத்துக்கே வந்து சேரும். அந்தச் சுற்று எங்கேனும் அறுந்தால் ஓட்டம் நின்றுவிடும். பந்தல் விளக்குகள் தனித்தனிக் கிளைகளில் எரிந்தன. ஒரு கிளை கூடினாலும் மின்கலத்திலிருந்து வரும் மொத்த ஓட்டம் கூடும். ஓட்டம் கூடக் கூடக் கம்பி சூடேறும். அதற்காகவே கொற்றன் சுற்றின் தலைப்பில் மெல்லிய ஈயக்கம்பி ஒன்றைப் பூட்டியிருந்தான். ஓட்டம் அளவு மீறினால் அது முதலில் உருகி அறும். விளக்குகள் அணையும், ஆட்கள் பிழைப்பார்கள்.

மணநாளில் உறவினர் வீட்டுக்கொரு விளக்கு கொண்டுவந்து பந்தலில் இணைப்பது எம் நாட்டு வழக்கம். அன்று வந்த கூட்டத்தைத் தாங்களே கண்டீர்கள். மணமகள் அமரும் பந்தலில் ஈயமும் இரும்பும் ஆகா, தந்தை தரும் பொன்னே இருக்கவேண்டும் என்பது தங்கள் நாட்டு வழக்கம். சீர்வரிசையோடு வந்த பெண்டிர் ஈயக்கம்பியைக் கழற்றிவிட்டு, தாங்கள் அனுப்பிய விரல் பருமன் பொற்கம்பியைப் பூட்டச் செய்தார்கள். கொற்றன் தடுத்தான். தகப்பன் ஆசையாய் அனுப்பியதை மறுக்க நீ யார் என்று எம் அமைச்சரே அவனை அதட்டி விலக்கினார். அந்தப் பருமனில் பொன்னுக்கு மின்தடை மிகச் சொற்பம். ஆகவே அத்தனை விளக்குகளால் ஓட்டம் அளவு மீறியும் அது உருகவில்லை. கூரைக்குள் ஓடிய செம்புக் கம்பிகள் பழுக்கக் காய்ந்து பட்டுத்துணியில் தீப்பிடித்தது.

தங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. மகளுக்குப் பொன் அனுப்ப ஆசைப்படாத தகப்பன் எங்கே இருக்கிறார்? எம் நாட்டுப் பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் மின்சுற்றையும் உருகுகம்பியையும் கற்பிக்க ஆணையிட்டுள்ளோம். அவள் போனபின் கற்று என்ன, அரண்மனையில் நாங்கள் அல்லவா முன்பே கற்றிருக்கவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பொற்கம்பியின் செய்தி தங்கள் செவிக்கு எட்டவே கூடாதென்று எம் காலில் விழுந்து கெஞ்சியவன் கொற்றன்தான். பெற்ற மனம் தாங்காது, பழி தன்னோடு போகட்டும் என்றான். யாம் இணங்கவில்லை. நேற்று முதல் அவனைக் காணவில்லை. தங்கள் தலைநகர் நோக்கி நடந்து போனதாக எல்லைக் காவலர் சொல்கிறார்கள்.

எனவே எம் இலச்சினை பொறித்த இவ்வோலையை விரைகுதிரையில் விடுத்தோம். அவன் தங்கள் வாயிலில் வந்து நின்று, இளவரசியைக் கொன்றவன் நானே என்பான். நம்பவேண்டாம். அவன் பொய் சொல்வது தங்கள் பொருட்டே.