பூ வைக்கும் முன்னே சொன்னது

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

வெள்ளிக்கிழமை என் மகனுக்குப் பெண் வீட்டில் பூ வைக்கப் போகிறோம். இன்றைக்குப் பெண்ணின் அம்மா என்னை மட்டும் கோவில்பட்டிக்குக் கூப்பிட்டாள். இலங்கையிலிருந்து வந்து எட்டயபுரம் பக்கம் அகதி முகாமில் இருக்கிறவள். வக்கீலம்மாவைப் பார்க்கத் துணைக்கு என்றுதான் நினைத்தேன்.

சண்டை நேரத்தில் படைக்காரர்கள் தன்னை மாதக்கணக்கில் அடைத்து வைத்துச் சீரழித்ததை என்னை வைத்துக்கொண்டே வக்கீலம்மாவிடம் சொன்னாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்து, "மதினி, இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். வெளிய மூச்சு விட மாட்டேன்" என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான்.

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"மறைச்சது போதும், மச்சாள். போர்க்குற்ற விசாரணையில என்ர பேரோடயே சொல்லப்போறன். உங்கட வீட்டில எல்லாருக்கும் தெரிஞ்சுதான் பூ வைக்க வரவேணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டனான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில், அவள் மகள் பிறந்த வருஷத்தை விரல் விட்டுக் கணக்குப் பார்த்தேன். சீ, என்ன புத்தி.

வாசலில் செருப்பில் அப்பின கரிசலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். இவர், "சம்பந்தியம்மாவும் நீயும் எங்கன போனீய?" என்று கேட்டார்.

"பூவுக்குச் சொல்லி வைக்கப் போனோம்" என்றேன்.

இத்தனை வருஷமாய்ச் சுமந்ததை அவள் இறக்கி வைத்தாள். நான் வீடு வந்து சேருமுன்னே அதை ஒளித்துவிட்டேன்.

இவர் இன்னும் தூங்கவில்லை. இருமல் கேட்கிறது. எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.