மூன்று முறை தட்டினால்

அன்புள்ள குண்டுத் தம்பிக்கு,

"ரெஸ்லிங் எல்லாம் டூப்புக்கா, சேனலை மாத்து!" என்று சின்ன வயதில் கத்துவாய். ஆமாம், யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவானதுதான். ஆனால் தூக்கி அடிப்பவன், விழுபவனின் கழுத்தைத் தன் கையால் காப்பாற்றுவான். அதற்காகத்தான் முப்பது வருடமாகப் பார்க்கிறேன்.

சண்டை வீடியோ கேமில் அந்த அக்கறை கிடையாது. ஆனாலும் யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று தலைக்கு மேல் ஒரு கோடு காட்டிவிடும். எனக்கு அது இருந்திருந்தால், வீடியோ காலில் "நல்லா இருக்கேன்டா" என்று உன்னை ஏமாற்றியிருக்க முடியாது.

சின்ன வயதில் நாம் மெத்தையில் ரெஸ்லிங் போட்டுக் கட்டிப் புரளும்போது, மூன்று முறை தட்டினால் விட்டுவிட வேண்டும் என்பது நம் சட்டம். நீ ஒருநாளும் மீறியதில்லை.

செவ்வாய்க்கிழமை சமையலறையில் உன் மச்சான் என் கழுத்தைப் பிடித்தபோது, என்னை அறியாமல் சுவரில் மூன்று முறை தட்டினேன். "என்னடி, தாளம் போடுற?" என்றார். விடவில்லை.

என் துணிமணி வைத்த பையை எதிர்வீட்டுத் தையல்கார அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை மச்சான் வேலைக்குப் போனதும் வா. கதவை மூன்று முறை தட்டு. திறந்துவிடுவேன்.

எப்போதும் முதல் ரவுண்டில் தோற்று, கடைசி ரவுண்டில் உன்னை ஜெயித்த
அக்கா